அமாவாசை நண்டு

நண்டு விஷயத்தில் என் கணவரோடு வாதாடி வென்றவர் யாருமில்லை. பறுவம், அதாவது பூரணை, அண்டிய நாள்களில் பிடித்த நண்டை அவர் தொடவும் மாட்டார். நிலவு காலத்து நண்டு வெறும் கோது, அமாவாசை நண்டில்தான் சதை என்பது அவருடைய வேதம். யாழ்ப்பாணத்தில் சொல்வது இந்த நாட்டுக் கடலுக்கும் பொருந்துமா என்று கேட்டால், "நிலவு ஒண்டுதானே," என்பார்.

இந்த நாட்டில் பாபகூரா என்ற ஊருக்கு வந்த பிறகு ஒவ்வொரு கோடையும் அப்படித்தான். இங்கே கிடைப்பது துடுப்பு நண்டு. கடைசிச் சோடிக் கால்கள் அகப்பை மாதிரித் தட்டையாக இருக்கும். நீந்தவும் அதுதான், மணலுக்குள் புதையவும் அதுதான். வட்ட வலையில் கோழிக்கழுத்தைக் கட்டி இறக்குவார். ஏறி வந்ததைப் புரட்டி வயிற்று மடலைப் பார்ப்பார். அகன்றிருந்தால் பெட்டை, திரும்பக் கடலுக்கு. கல்யாணத்துக்கு நாள் வைப்பதுபோல, நாள்காட்டி பார்த்துத்தான் நண்டுக்குப் போவோம்.

இந்த மாசியில் அவருக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் கதிர்ச் சிகிச்சை தொடங்கி இரண்டாம் கிழமையளவில் நாக்கில் சுவை போய்விடும், திரும்ப மாதக்கணக்காகலாம், சிலருக்கு முழுதாக வராது என்றார் டாக்டர். மற்றதெல்லாம் தலையாட்டிக் கேட்டவர் இதற்கு மட்டும் முகம் கறுத்தார். காரில் ஏறியதும், "அதுக்கு முதல் ஒருக்கா நண்டுக்கறி தின்னவேணும்," என்றார்.

மறுநாள் பூரணை.

"இப்பவே வாங்குவம்," என்றேன்.

"பறுவத்து நண்டோ? உமக்கென்ன விசரே? தொடங்க இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. அமாவாசை அதுக்குள்ள வந்திடும்."

கணக்குச் சரிதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. யாருடையதோ இடம் காலியாகியிருக்கிறது, வரும் திங்களே தொடங்கலாம் என்றார்கள். நல்ல செய்தி, வேண்டாமென்று யார் சொல்வார்கள்? கோதென்றாலும் பரவாயில்லை, குழம்பையாவது ருசிக்கலாம் என்று மன்றாடினேன். "முதல் நாளே நாக்குச் செத்துப்போகாது," என்றார். நோயாளியோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை, பிடிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சிகிச்சைக்குப் போகிற வழியில் போனில் பார்த்துவிட்டுக் கல் நண்டைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கப் பக்கம் அதன் கொடுக்கை மட்டும் முறித்தெடுத்து நண்டை உயிரோடு கடலில் விட்டுவிடுகிறார்களாம். அதற்கென்று ஒரு பருவம், கொள்ளை விலை. முறித்த கொடுக்கு மறுபடி முளைக்குமாம்.

"நண்டுக்குக் கொடுக்கு முளைக்குது. எனக்கு நாக்கு முளைக்காதோ?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அமாவாசை வருவதற்குள் அவருக்குத் தேத்தண்ணியும் வெந்நீரும் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் மீன்கடைக்குப் போனேன். நண்டின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். சதை நிறைந்து இறுகிக் கிடந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று கடைக்குள் நின்றே அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து தூளைக் குறைத்து, தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை போட்டு இறக்கினேன்.

ஒரு வாய் வைத்தார். மென்றார். விழுங்க நேரமெடுத்தது.

"கடதாசி மெல்லுற மாதிரி," என்றார்.

ஆனால் தட்டைத் தள்ளவில்லை. கொடுக்குகளை ஒவ்வொன்றாக உடைத்து, சதையைச் சிதையாமல் உருவி என் தட்டில் வைக்கத் தொடங்கினார். கோது கொள்ளாத சதை. அதைப் பார்த்து அவருடைய முகம் மலர்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பாத்தீரோ, நான் சொன்னனான்தானே? சாப்பிடும்."

சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான நண்டு தின்றதில்லை. அதற்காகவே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

"அது காணாது," என்றார், என் வாயையே பார்த்தபடி. "வடிவாச் சொல்லும். இனிக்குதோ?"