நாற்பத்தொரு மிதி

"இந்தா வந்துட்டன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து கார்ச் சாவியை எடுக்கிறார் நிஸார். கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒருமுறை வீட்டுக்குப் போய் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தாயிற்று. இன்னொரு முறை பள்ளிவாசலுக்குப் போய்த் தண்ணீர் மோட்டர் ஓடுகிறதா என்று பார்த்து வந்தாயிற்று. இப்போது சந்தையில் மீன் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். எல்லாமே நடந்து போகிற தூரம்தான். ஆனால் ருவான்வெல்லை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நிஸார் நானா நடந்து போய் யாரும் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தேழு. தேத்தண்ணீரைப் பாதிக்கு மேல் குடிக்கமாட்டார். அதற்குள் வேறொரு வேலை ஞாபகம் வந்துவிடும். ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தகரம் கேட்டவருக்குப் பதில் சொல்வார். பேச்சிலும் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்தது தொடங்கிவிடும். "இந்த மனுசனுக்கு உக்கார ஏலா. தூக்கத்திலயும் கால் ஓடிக்கொண்டுதான் ஈக்கி" என்பாள் மனைவி ஸபியா.

அவருடைய கார் பத்தொன்பது வருடப் பழசு. பச்சை நிறத்தில், கையால் மாற்றும் மெனுவல் கியரோடு, ஒரு சின்ன வண்டி. கியர்க் குமிழில் எண்கள் எல்லாம் தேய்ந்து போய்விட்டன. அதை அவர் இரண்டு விரலால் தள்ளுவதைப் பார்த்தால் கதவுக் கொண்டியைப் போடுவதுபோல அவ்வளவு லேசாக இருக்கும். பஸாரில் அந்தக் காருக்கு ஒரு மரியாதை உண்டு. மேலே ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பஸ் பிற்பகல் இரண்டு மணியோடு சரி. அதன் பிறகு யாருக்காவது பிரசவ வலி வந்தாலோ, பாம்பு கடித்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினாலோ, லயத்தில் முதலில் எழும் குரல், "நிஸார் மொதலாளிக்குப் போன் போடுங்க" என்பதுதான். போன் வைக்குமுன் கார் மலையேறத் தொடங்கியிருக்கும். இதற்காக அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. நன்றி சொன்னால், "சரி சரி, கதவ நல்லா அடிச்சுப் பூட்டுங்க" என்பார்.

போன நோன்புக்குப் பிறகுதான் இடது முழங்கால் அவரைப் படுத்தத் தொடங்கியது. பள்ளிவாசலில் கதிரையில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தார். கேட்டவர்களிடம், "முதுகு கொஞ்சம்" என்றார். முதுகென்றால் சாக்குத் தூக்கியதால் வந்ததென்று சொல்லிவிடலாம். முழங்காலென்றால் அடுத்த கேள்வி காரைப் பற்றியதாக இருக்கும். அந்தக் கேள்வி அவருக்கு வேண்டாம்.

ஆனால் மகள் ஷிப்னா வீட்டிலேயே இருந்தாளே. இருபத்துநான்கு வயது, பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். லைசன்ஸ் எடுத்திருந்தாள், அதுவும் தானாகவே கியர் மாறும் ஓட்டோ காருக்கு மட்டும். அதனால் பச்சைக் காரை அவள் தொட முடியாது. ஒரு நாள் காலையில் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவள் வழி முழுக்க அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடை வாசலில் இறங்கும்போது சொன்னாள்:

"நாப்பத்தொண்டு."

"என்னத்த?"

"வீட்டிலிருந்து கடைக்கி ஒண்டர கிலோமீட்டர். நீங்க கிளட்ச நாப்பத்தொரு தரம் மிதிச்சீங்க. ஒவ்வொரு மிதிக்கும் பல்லக் கடிச்சீங்க. வாப்பா, டவுனுக்குள்ள ஓடுறதுக்கு ஓட்டோ வாங்குங்க. ரெண்டு பேருமே ஓட்ட ஏலும்."

"ஓட்டோ சோம்பேறிக்கிச் செஞ்ச சாமான், மகள். மலையில எறங்கக்கொள்ள எஞ்சின் புடிக்கணும். நான் செல்றத வண்டி கேக்கணும். அது தானா யோசிச்சிச் செய்ற விளையாட்டு எனக்குச் சரிவரா."

"அதுக்கும் எறக்கத்துக்கு வேற கியர் ஈக்கி வாப்பா."

"ஈக்கட்டும்" என்று கடைக்குள் போய்விட்டார்.

ஸபியா விடவில்லை. கேகாலையில் கார் விற்கும் தன் உறவுக்காரர் அப்துல் ரஸாக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தாள். வெள்ளை நிறத்தில் ஓட்டோ கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. நிஸார் ஏறி உட்கார்ந்தார், ஓடத் தொடங்கினார், இருபது யார் தூரம் போவதற்குள் பழக்க தோஷத்தில் இடது காலால் இல்லாத கிளட்சை ஓங்கி மிதித்தார். காலுக்கு அகப்பட்டது அகலமான பிரேக். கார் அறைந்தாற்போல் நின்றது. பக்கத்தில் இருந்த ரஸாக்கின் தொப்பி பறந்து கண்ணாடியில் மோதியது. பின்னால் இருந்த ஷிப்னா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது எனக்கு ஒத்துவராத சாமான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி, நேரே தன் பச்சைக் காரில் ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாமலே போனார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, சந்தை நாளில், தபால் கந்தோர் முன்னால் உள்ள சிறிய ஏற்றத்தில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. முதலாம் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி காத்திருந்தார் நிஸார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முழங்காலுக்குள் ஊசி இறங்கியதுபோல் ஒரு வலி எழுந்தது. கால் தானாகவே நழுவியது. கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, உதறி, நின்றுபோனது. அந்த நேரத்தில் காரின் முன்னால் குடையோடு வீதியைக் கடந்துகொண்டிருந்தவர் கன்னையா. மேல்தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். குடை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. நிஸார் நொண்டியபடி இறங்கினார். எல்லாக் கண்ணும் அவர் மேல். அவர் வாயில் சிங்களத்தில் வந்தது: "கிளட்ச் கேபிள் எக கெடுனா." கேபிள் அறுந்துவிட்டதாம். பத்தொன்பது வருடப் பழைய வண்டி, எல்லோரும் நம்பினார்கள். "அனே, நிஸார் முதலாளி என்ன செய்றது" என்று அனுதாபப்பட்டார்கள்கூட.

கன்னையாவின் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிஸாரின் கை சட்டைப் பையிலிருந்த சாவிக்குப் போயிற்று. அப்போதுதான் விளங்கியது. கேபிள் அறுந்த கார் ஓடாது. யாரோ ஒரு முச்சக்கரவண்டியை நிறுத்தினார்கள். கன்னையாவை ஏற்றிக்கொண்டு அது போய்விட்டது. நிஸார் வீதி நடுவில், நல்ல நிலையில் இருக்கும் தன் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

மெக்கானிக் ஸியாம் வந்து, கீழே படுத்துப் பார்த்து, எழுந்து கையைத் துடைத்தான். குரலைத் தாழ்த்தி, "நானா, கேபிள் நல்லாத்தான் ஈக்கி" என்றான். நிஸார் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸியாம் ஒரு கணம் அவருடைய காலைப் பார்த்தான். பிறகு நான்கு பேரைக் கூப்பிட்டு, காரைத் தள்ளிக்கொண்டே தன் கராஜுக்குக் கொண்டுபோனான்.

மூன்று நாள் கார் இல்லை. நிஸார் கடைக்குள்ளேயே நடந்தார். கல்லாவுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் பின்பக்கச் சுவருக்கும். போன் அடித்தால் திடுக்கிட்டார். பெயின்ட் கேட்டவருக்கு டர்பன்டைன் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கன்னையா வந்தார். வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டு. ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, கத்தி பிடிக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கன்னையா கேட்டது வேறு.

"வண்டி சரியாயிருச்சுங்களா மொதலாளி?"

நிஸார் கதிரையை இழுத்து அவரை உட்காரவைத்தார். ஸபியா கடைக்குச் சமைத்துக் கொடுத்துவிட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். ஆறு கிழமைக்கும் வீட்டுச் சாமான் தன் பொறுப்பென்றார். மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு தானும் எதிரே உட்கார்ந்தார்.

"கன்னையா, கேபிள் அறுகல்ல. என்ட கால்தான். முட்டி வலியில நழுவிட்டு. நான் பொய் செல்லிட்டன்."

"தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"நான் வண்டிக்கு முன்னாடிதானுங்களே நின்னேன். ஒங்க மொகத்தப் பாத்தேன். வலியில சுருங்குன மொகமுங்க அது."

"அப்ப ஏன் ஆக்கள்கிட்ட செல்லல்ல?"

கன்னையா மாவுக்கட்டின் ஓரத்தைத் தடவினார். "சொன்னா நீங்க வண்டிய விட்டுருவீங்க. அப்பறம் எங்க லயத்துக்கு ஆருங்க வருவா?" பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆனா மொதலாளி, எனக்குக் கையோட போச்சு. அந்த எடத்துல ஒரு புள்ள நின்னிருந்தா?"

அன்று மாலையே அப்துல் ரஸாக்குக்குப் போன் போனது. "அந்த வெள்ளைக் கார் இன்னும் ஈக்கா?" என்று கேட்டார் நிஸார். ஸியாமைக் கடைக்குக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, "கேபிள்ல ஒரு பிழையும் இல்ல, பிழை என்ட காலில" என்றார். பஸார் முழுவதும் அதை அறிய ஒரு மணி நேரம் ஆகவில்லை.

வெள்ளைக் கார் சனிக்கிழமை கடை வாசலுக்கு வந்தது. பாடசாலை மைதானத்தில் நாளை முதல் நிஸார் அதை ஓட்டிப் பழகுவதென்று வாப்பாவும் மகளும் பேசிவைத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு லயத்திலிருந்து போன் வந்தது. கன்னையாவின் லயத்து அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் நிரோஷா என்ற பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாம். தலைப்பிரசவம்.

நிஸாரின் கால்கள் வாசலை நோக்கி ஓடின. பிறகு தயங்கி நின்றன. ஷிப்னா சாவியை எடுத்தாள்.

"வாப்பா, மலை பயமில்ல. பஸாரில அந்தத் திருப்பம்தான். பஸ்காரன் எடம் தர மாட்டான்."

"வா, நானும் வாறன்."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் கடையிலிருந்து அந்தத் திருப்பம்வரையுள்ள முந்நூறு யார் தூரமும் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே வந்தார். தோட்டப் பாதைக்குத் திரும்பும் இடத்தில் வலது பக்கத்திலிருந்து ஒரு தனியார் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஷிப்னா பிரேக்கை அழுத்தி, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நிஸார் கதவைத் திறந்து இறங்கினார். நொண்டிக்கொண்டு நேரே பஸ்ஸின் முன்னால் போய் இரண்டு கைகளையும் அகல விரித்தார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டிக் கத்தினான். நிஸார் அவனைப் பார்க்கவில்லை.

"வாப்பா, ஏறுங்க!"

"நிக்காத மகள்! நீ போ, போ!"

வெள்ளைக் கார் அவருடைய முதுகுக்குப் பின்னால் மெதுவாகத் திரும்பி, ஏற்றத்தைப் பிடித்து, ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. ஹோர்ன் சத்தம் நிற்கவில்லை. காரின் எஞ்சின் சத்தம் மலையில் தேய்ந்து முற்றாக ஓயும்வரை நிஸார் விரித்த கைகளைக் கீழே இறக்கவில்லை.