பொன்னுரங்கத்துக்கு ஒரு சார்

பொன்னுரங்கம் வாயைத் திறந்தால் ‘சார்’தான். மீட்டர் பார்க்க வருகிறவரிடம் அது பல்லைக் காட்டும். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகும் குடித்தனக்காரரிடம், "இன்னா சார் இது?" என்று பல்லைக் கடிக்கும். வாசலில் படுத்துக்கொண்டு நகர மறுக்கும் எருமையிடம்கூட, "சார், கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?" என்று பணிவாகக் கேட்பார்.

அவரை மட்டும் அஸ்தினாபுரத்தில் ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நெல் விளைந்த நிலத்தை மனை மனையாக விற்று, மிச்சத்தில் ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டவர். ஆனாலும் வெறும் மார்பும் துண்டுமாக நிற்கிற மனிதரை, குரோம்பேட்டையில் ரயிலேறி ஆபீஸ் போகிறவர்கள் "பொன்னுரங்கம்" என்று மொட்டையாகத்தான் அழைத்தார்கள். மாடிப் போர்ஷன் லோகநாயகி மட்டும் குடிவந்த நாளிலிருந்து "அண்ணா" என்பாள். அதை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கீரைக்காரரையும்தானே அண்ணா என்கிறாள்!

"உன்ன சார்னு கூப்ட்டா தலையில கொம்பு மொளைக்குமா?" என்று மனைவி கங்கையம்மாள் கேட்பாள்.

"உனக்கு இன்னா தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், ஆசை யாரை விட்டது?

எண்பத்தேழாம் வருஷம் குடியரசு தினத்தன்று அந்த ஆசை நிறைவேறியது. காலனி நலச் சங்கத்துக்கு ஓரமாகக் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தார். அதற்காக அவரையே கொடியேற்றச் சொன்னார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, "மதிப்பிற்குரிய பொன்னுரங்கம் சார்" என்றதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வீட்டுக்கு வந்தும் இஸ்திரிச் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

லோகநாயகி காலிக் குடத்துடன் இறங்கி வந்தாள். அவள் தங்கைக்கு அன்று மாடியில் வளைகாப்பு.

"அண்ணா, ஆத்துல இருபது பேர் வந்திருக்கா. குழாய்ல தண்ணியே வரல. மோட்டாரைக் கொஞ்சம் போடுங்கோளேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் கேட்டு முடிப்பதற்குள் போட்டிருப்பார். அன்று பேசியது சட்டை.

"மோட்டாரு சாயங்காலம்தாம்மா. எல்லாத்துக்கும் ஒரு ரூல் கீதுல்ல?"

படியில் நின்ற விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். லோகநாயகியின் முகம் சுண்டிப்போயிற்று.

"சரி, சார்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

இத்தனை வருஷம் ஏங்கிய வார்த்தை சுருக்கென்று குத்தியது. காலையில் மைக்கில் கேட்டபோது இனித்தது இதுதானா என்றிருந்தது. உள்ளேயிருந்து கங்கையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, மொளைச்சிச்சா கொம்பு?"

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, விடுவிடுவென்று போய் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிரம்பியது. மாடியில் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டதே தவிர, அவரை யாரும் கூப்பிடவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த கங்கையம்மாளின் புடவைகள்மேல் கொட்டத் தொடங்கியது.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

"அண்ணா! டேங்க் வழியறது, அணைங்கோ!"

சுவிட்சுக்குப் போன கை பாதியில் நின்றது. சொட்டுத் தண்ணீர் வீணானாலும் ஊரைக் கூட்டுகிற பொன்னுரங்கம், காது கேட்காதவர்போல் அப்படியே நின்றார், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.