முப்பது நிமிடத்தில் பாதி

அணுமின் நிலையத்தின் சலவைப் பிரிவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உலைப்பக்கம் வேலை செய்பவர்கள் கழற்றிப்போடும் அங்கிகளைத் துவைப்பாள். துவைத்ததை மேசையில் விரித்து, கதிர்வீச்சு அளவியை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்ப்பாள். டிக் டிக் என்ற சத்தம் படபடவென்று பொரிந்தால் அந்த அங்கி மறுபடி தொட்டிக்குப் போகும். பதினான்கு வருடத்தில் அவள் வேலையில் ஒரு குறை கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து வெளிவாசலில் இருக்கும் கதிர்வீச்சுச் சோதனை வாயிலுக்குள் அவள் நுழைந்ததும் மணி அலறியது.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "எதைத் தொட்ட? கை கழுவினியா இல்லையா?"

"கழுவாம எந்த நாள் சார் வெளிய வந்திருக்கேன்?"

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

சத்தமெல்லாம் அவளுடைய நைலான் மேல்சட்டையிலிருந்து வந்தது. அதைப் பையில் போட்டு முத்திரை வைத்தார். பதிவேட்டில் 'விதிமீறல்' என்று எழுதி, மாற்றுச் சட்டை கொடுத்து அவளை அனுப்பிவிட்டார்.

வீட்டில் தங்கை ஒரு மாதக் குழந்தையோடு இருந்தாள். "அக்கா, இவளைக் கொஞ்சம் பிடி, குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்குச் சளி."

"காலையில இல்லாத சளியா?"

இரண்டு முறை குளித்தாள். நகக்கண் எரியும்வரை தேய்த்தாள். வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தவளைப் பார்த்துக் கணவன், "தரை தேயுது, கொஞ்சம் நில்லேன்" என்றான். அவனிடமும் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் முத்திரை உடையாத பையைப் பிரித்து அளந்தார்கள். சட்டையில் ஒன்றுமே இல்லை.

"நேத்து இருந்தது எங்க சார் போச்சு?" என்று கேட்டாள். மேற்பார்வையாளர் சட்டையைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர, பதிவேட்டில் எழுதியதை அடிக்கவில்லை. அன்று பருத்திச் சட்டையில் வந்திருந்தாள்; மணி அடிக்கவில்லை. வியாழக்கிழமை அந்த நைலான் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். மாலையில் மணி மறுபடி அலறியது.

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் மேற்பார்வையாளர்.

விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி குறுக்கே வந்தாள். குள்ளமான, அவசரமில்லாத பெண். "யாரும் சட்டையைத் தொடாதீங்க. கடிகாரத்தைப் பாருங்க."

அளவியில் நிமிடத்துக்கு ஆயிரத்து அறுநூறு துடிப்பு. அரை மணி கழித்து எண்ணூற்று முப்பது. அந்த அரை மணியும் இவள் சுவருக்குச் சுவர் நடந்தாள். அடுத்த அரை மணியில் நானூற்றுப் பத்து.

"உலையிலேர்ந்து வந்த கோபால்ட் தூசியா இருந்தா, கதிர்வீச்சு பாதியாக அஞ்சு வருஷம் ஆகும்" என்றாள் அதிகாரி. "இது அரை மணியில பாதியாகுது. உலையோட வேலையில்ல இது."

"பின்ன யாரு வேலை?"

"பூமியோடது. பாறையில கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அதோட அணுக்கருவால அப்படியே நிலையா இருக்க முடியாது. உடைஞ்சு உடைஞ்சு வேற வேறயா மாறும். நடுவுல ஒரு படி ரேடான். அது வாயு. விரிசல் வழியா வந்து, காத்து போகாத ரூம்ல தேங்கிடும். அதுவும் உடைஞ்சு வர்ற துகள், உரசினா முடியை இழுக்கிற நைலான்ல போய் ஒட்டிக்கும்; பருத்தியில அவ்வளவா ஒட்டாது."

இவளுக்குப் பளிச்சென்றது. "கீழ கிடங்கு! நாங்க உடை மாத்துற ரூம்ல வெள்ளை அடிக்கிறாங்கன்னு ஒரு வாரமா அங்கதான் சட்டையை மாட்டறேன்."

மூவரும் கீழே இறங்கினார்கள். பாறையைக் குடைந்து கட்டிய அறை. காற்றை வெளியே தள்ளும் காற்றாடியின் ஒயர் என்றோ அறுந்து தொங்கியது. அதிகாரி காற்றை அளந்து முகம் சுளித்தாள். நடுவில் நாற்காலி போட்டுக் கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தார் கிடங்குக்காரர்.

"எத்தனை வருஷமாண்ணே இங்க?" என்று இவள் கேட்டாள்.

"பதினொண்ணு. ஏம்மா?"

மேற்பார்வையாளர் மேலே போய், பதிவேட்டில் எழுதிய வரியை அடித்தார். அவள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அதிகாரியிடம் வந்து நின்றாள்.

"அண்ணனுக்கு என்ன ஆகும்?"

அதிகாரி மழுப்பவில்லை. "சட்டையில ஒட்டின மாதிரி நுரையீரல்லயும் ஒட்டும். ஒரு வாரத்துல உங்களுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. வருஷக்கணக்குல இருந்தா புற்றுநோய் அபாயம் கூடும். வந்தே தீரும்னு இல்ல."

"காத்தாடி எப்ப சார் ஓடும்?"

"பத்து நாள் ஆகும்" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் விடுவிடுவென்று மறுபடி கீழே போனாள். "எழுந்திருங்கண்ணே" என்று சொல்லி, நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியேறினாள். அவர் கையுறை மூட்டையோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

"பதினொரு வருஷம் இருந்துட்டேன், பத்து நாள்ல என்ன வந்துடப் போகுது?"

"பதினொண்ணோட இன்னும் பத்து நாளை எதுக்குண்ணே கூட்டணும்?"

சலவைக்கூடத்து ஜன்னலோரம் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். குழந்தையை வாரி எடுத்தாள். "சளி போச்சா?" என்ற தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள், தங்கை அழுதுவிட்டுத் திட்டினாள்.

காற்றாடி வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆயிற்று. கிடங்குக்காரர் பிறகு கீழே இறங்கவேயில்லை. அவர் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார் மருத்துவர். இரண்டாம் வருடத் தேதியை அவர் மறந்துவிட்டார். அவள் நேரே அவர் வீட்டுக்குப் போய் நின்று, செருப்பை மாட்டச் சொன்னாள்.