முதல் பிடி செடிக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பதுளையில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். பழைய காவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. வழக்கம்போல அது சண்டையில் போய் நின்றது. பரீட்சைக்கென்று அச்சடிக்கும் வினாவிடைப் புத்தகங்கள் காவியங்களைக் கொன்றுவிட்டன என்று பொரிந்து தள்ளினார் தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். "அந்த வினாவிடை இல்லாட்டி ஒங்க காவியத்த எவன் தொடுவான்?" என்று மடக்கினார் ஒரு பள்ளி ஆசிரியர். கையில் ஒரு வினாவிடையை வைத்து ஆட்டிக்கொண்டே பேசினார். அதை வாங்கிப் புரட்டினேன். அதே கேள்வி, அதே விடை. இருபது வருஷத்துக்கு முன் என் வேலைக்கு உலை வைத்த விடை, ஓர் எழுத்துக்கூட மாறாமல் அப்படியே இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசிரியரின் புத்தகத்தில் புது மையின் வாசனை. நான் முதன்முதலில் வாங்கிய வினாவிடையில் பெருங்காய வாசனைதான் அடிக்கும். பதுளைக் கடைவீதியில் காசீம் நானாவின் கடையில் வாங்கியது அது. குடை, சீத்தைத் துணி, தைலம், பெருங்காயம் எல்லாம் விற்ற கடை. புத்தகங்களைப் பெருங்காய டின்னுக்குப் பக்கத்தில்தான் அடுக்கியிருப்பார். ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். மதராஸிலிருந்து அந்தப் புத்தகங்கள் வந்து சேர்வதற்குள் பாதி அட்டை கிழிந்திருக்கும். "தம்பி, காவியத்த படிச்சா சந்தோசம், இத படிச்சா சம்பளம். ரெண்டையும் கொழப்பிக்காதீங்க" என்று சொல்லித்தான் நானா அதை என்னிடம் விற்றார். வேடிக்கை என்னவென்றால், அவர் கல்லாவுக்கு அடியில் இருந்தது பரீட்சைக்கு வைத்திருந்த அந்தக் காவியம்தான். ஆள் வராத மத்தியான நேரங்களில் அதைத்தான் ராகம் போட்டு வாசித்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆசிரியர் தராதரப் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம், பதுளைப் பக்கம் ஒரு வீடும் கிடைக்கும். தேறாவிட்டால் கொட்டகையை இன்னொருவனிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியது என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அம்மாவும் அப்பாவும் இல்லை. கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவள் என் அக்கா பேச்சி. அந்தப் பரீட்சை என்னைவிட அவளுக்குத்தான் முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். முதலில் பாட்டு, பிறகு வினாவிடையில் உள்ள பொருள். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்கள் சும்மா இருப்பதில்லை. நந்தவனத்தில் பூக்கொய்யும் அரசகுமாரிகளின் விரல்கள் சிவந்தன என்று நான் உருகி வாசித்தால், "செவந்துச்சா? ஒருநாளுதான் பறிச்சிருப்பாளுக. மாசம் பூரா பறிச்சா கருத்துல்ல போகும்?" என்று ஒருத்தி தன் விரல்களை நீட்டுவாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன்.

அப்படித்தான் ஒருநாள் அந்தப் பாட்டு வந்தது. அரசகுமாரிகள் ஒவ்வொருத்தியும் தான் பறித்த முதல் பூவைக் கூடையில் இடாமல் செடியின் அடியிலேயே போடுகிறாள். ஏன்? 'செல்வச் செருக்கினால் முதல் மலரைப் பொருட்படுத்தாது எறிந்தனர்' என்று வினாவிடை சொன்னது. நான் அதை நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன். வாசல் முழுவதும் சிரிப்பு.

"செருக்கா?" என்றாள் அக்கா. "எவன்டா இத எழுதுனவன்? மொத புடி செடிக்குடா!"

எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மலையில் ஏறியதும் விளைச்சல் பெருகட்டும் என்று கங்காணி "பொலி" குரல் கொடுப்பார். பெண்கள் "பொலியோ பொலி" என்பார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளி, குனிந்து, செடியின் தூரில் வைப்பாள். இரண்டாவது பிடிதான் கூடைக்கு. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் பார்த்தது. அக்காவின் முதுகில் தொங்கியபடிகூடப் பார்த்திருப்பேன். ஆனால் வாத்தியாருக்கு அது புத்தியில் ஏறவில்லை. பாட்டைத் திரும்பப் படித்தேன். அடுத்த அடியிலேயே அந்தப் பெண்கள் தலை குனிந்தார்கள் என்று இருக்கிறது. செருக்கு உள்ளவள் செடிக்கு எதற்குத் தலை குனிகிறாள்?

பரீட்சைக்குப் புறப்பட்ட காலையில் அக்கா ரொட்டியைத் துணியில் முடிந்து கொடுத்தாள். "இங்க பாரு, புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அத எழுதிட்டு வா. எங் கதையெல்லாம் அங்க கொண்டு போகாத. எனக்கு இந்த மலைய விட்டு எறங்கணும்டா" என்றாள். சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்தக் கேள்வி வந்தது. வினாவிடையில் இருந்த விடையை வரி பிசகாமல் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். குனிந்து தூரில் கொழுந்து வைக்கும் அக்கா கண்ணுக்குள் வந்து நின்றாள். அவளுக்குச் செருக்கு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்! குறுக்கே ஒரு கோடு அடித்தேன். மலையில் நடப்பதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

தேறவில்லை. தாள் திருத்தியவர்களில் ஒருவர் பதுளைக்கு வந்திருந்தபோது தேடிப்போய்ப் பார்த்தேன். பேச்சிலும் இலக்கணம் தவறாத மனிதர். "அந்த ஒரு விடை உம்மைக் கவிழ்த்துவிட்டது. காவியத்தில் வருபவர்கள் அரசகுமாரிகள். கொழுந்துக்காரிகள் அல்லர்" என்றார்.

"பறிச்சவங்கதானேங்க ஐயா?" என்றேன். அவர் கதவைக் காட்டினார்.

கொட்டகை, வினாவிடையைத் தலைகீழாக ஒப்பிக்கும் ஒருவனிடம் போயிற்று. நான் நானாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு நான் எழுதியதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கல்லாவுக்கு அடியிலிருந்து காவியத்தை எடுத்து, அந்தப் பாட்டின் ஓரத்தில் பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டார்.

எழுதிய விடைக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இன்று கேட்டாலும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் அக்கா மலையை விட்டு இறங்கவில்லை. அது மட்டும் இன்றும் என்னைத் தின்கிறது. நான் தேறவில்லை என்று தெரிந்தபோது ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வந்தார். தூரில் போடும் கொழுந்தும் தோட்டத்துக் கொழுந்துதான், ஒரு பிடிகூட வீணாகக் கூடாது என்று உத்தரவு போட்டார். மற்றப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குனிந்து தூரில் வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான், விழுந்தது. மறுநாளும் வைத்தாள். செய்தி கேட்டு நான் பசறைக்கு ஏறிப் போனேன்.

"ஏங்கா இந்த வீம்பு? எல்லாரும் விட்டுட்டாங்கல்ல?" என்றேன்.

அக்கா கூடைக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "பரீட்சையில நீ எல்லாரும் எழுதுறதயா எழுதுன?"

கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த மலையில் இப்போதும் காலையில் பொலி சொல்கிறார்கள். சொன்ன கையோடு முதல் பிடி கூடைக்குள் போகிறது. தூரில் வைக்கும் வழக்கம் ஒன்று இருந்ததே அங்குள்ள பெண்பிள்ளைகளுக்குத் தெரியாது. கடைசியாக அங்கே செடிக்குக் குனிந்தவள் என் அக்காதான்.