தனுஷியாவின் சிவப்புப் பொட்டு

தன்னாமுனையில் தனுஷியா குடியேறிய வாடகை வீட்டில் எரிவாயு சிலிண்டரும் வாடகைக்குத்தான் கிடைத்தது. வீடுகளில் சிலிண்டர் வெடித்த செய்திகள் வந்துகொண்டிருந்த காலம். யார் வீட்டில் எப்படிக் கிடந்ததோ என்று அவள் அதற்கு முதுகு காட்டி நிற்கவும் பயந்தாள். நச்சரிப்புத் தாங்காமல் கணவன் ரதீஸ் புதிதாக ஒன்றை வாங்கிக் கொடுத்தான். வால்வில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வரவில்லை என்று கண்டபின், அதன் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். அன்றுதான் நிம்மதியாகச் சமைத்தாள்.

எரிவாயு முடிந்தது. கடைக்காரர் நல்லரத்தினம் வெறும் சிலிண்டரை எடுத்துக்கொண்டு, துருப்பிடித்த வேறொன்றை உருட்டி வந்தார்.

"இது என்ட இல்லயே அண்ணன்!"

"உங்கட எண்டு ஒண்டும் இல்ல தங்கச்சி. வெறுமையத் தந்தா நிரப்பினது ஒண்டு தருவம், அவ்வளவுதான்."

அதன்பிறகு நுரை பூசிப் பார்க்காமல் அவள் அடுப்பை மூட்டியதே இல்லை.

சில மாதங்கள் கழித்து, பக்கத்து வீட்டுக் கண்ணகையக்கா அவளைத் தன் அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"உன்ட பொட்டு வெச்ச சிலிண்டர் கடையில நிண்டிச்சி புள்ள. நீ கவனமான ஆளெண்டு அதையே கேட்டு வாங்கினன். இப்பதான் அடுப்பில பூட்டினன்."

தனுஷியா சவர்க்காரம் கரைத்து நுரையைப் பூசினாள். சிவப்புப் பொட்டுக்கு மேலே, வால்வைச் சுற்றிக் குமிழிகள் பொங்கி வந்தன.

அவளுக்குப் பின்னால் தீப்பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது.