பால் வராத கெம்பாஸ் மரங்கள்

அப்பா ரப்பர் மரம் சீவியவர். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பாதித்த முதல் ஆள் நான். மலாயாவில், சிகாமட்டில் காட்டிலாகா என்னைத் தற்காலிகக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வைத்திருந்தது. வட ஜொகூர் காடுகளை மாதாமாதம் சுற்றி வந்து, மரங்கள் செழிப்பா, நோயா, செத்தவையா என்று தாளில் குறித்து, ஜொகூர் பாரு தலைமை ஆபீஸ் துரைக்கு அனுப்ப வேண்டும். செத்தது என்று எழுதினால் அந்த இடத்தை சீன மர வியாபாரியான தவுக்கேக்கு வெட்டக் கொடுத்துவிடுவார்கள்.

கூட வரும் மலாய்க் காட்டுக் காவலன் என் வயதுக்காரன், என் சிநேகிதன். ஒரு மாதம் அவனுக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன். ஒரு குன்று முழுக்கக் கெம்பாஸ் என்னும் காட்டு மரங்கள் இலையே இல்லாமல் மொட்டையாக நின்றன. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? பட்டையைச் சீவினேன். ஒரு சொட்டுப் பால் வரவில்லை. பால் வற்றிய மரத்தைத் தோட்டத்தில் செத்ததாகத்தான் வைப்போம். ‘குன்று முழுதும் செத்தது’ என்று அழகாக எழுதி, மறுநாள் காலை தபாலில் போட்டுவிட்டு, சிநேகிதனைப் பார்க்கப் போய், மொட்டைக் குன்றைப் பற்றிச் சொன்னேன்.

“அலமாக், கிராணி! கெம்பாஸ் வருஷா வருஷம் இலையைக் கொட்டும் லா. உங்க ரப்பர் கொட்டுறதில்லையா?”

“கொட்டும். ஆனா இதுல பாலே வரலையே!”

போர்வையோடு எழுந்து உட்கார்ந்து சிரித்தான். “சேவலைக் கறந்துட்டு, செத்துப்போச்சுன்னு எழுதிட்டியே!”

தபாலாபீசுக்கு ஓடினேன். “கட்டின பையைப் பிரிக்க முடியாதுப்பா, மத்தியான ரயில்ல போகுது” என்றார் அங்கிருந்தவர். அதே ரயிலில் நானும் ஏறினேன். கடிதம் ரயிலின் தபால் பெட்டியில் சுகமாகப் போனது. மூன்றாம் வகுப்பில் எனக்கு உட்கார இடமில்லை.

மறுநாள் காலை, தபால் வருமுன்பே துரையின் வாசலில் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

“செத்தது என்று எப்படி முடிவு செய்தாய்?”

“பட்டையைச் சீவினேன் துரை. பால் வரவில்லை.”

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கடிதம் வந்ததும் பிரித்து, பேனாவை என்னிடம் நீட்டினார்.

“நீயே அடித்துத் திருத்து.”

அடித்துவிட்டு, ‘இலையுதிர்வு, மரம் நலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“வெட்டமாட்டீர்களே, துரை?”

“நலமான மரத்தை எதற்கு வெட்டுவது? ஆனால் உன் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போகும்.”

ஆறு மாதத்தை அப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது, சொன்னேன். ஏன் என்று கேட்டார். ரப்பர் சீவியவரிடம் கெம்பாஸில் பால் தேடிய கதையைச் சொல்ல முடியுமா? துரைக்கு என் கையெழுத்து பிடிக்கவில்லை என்று சொல்லிவைத்தேன்.