அடுத்த கட்டிலில் இருந்து வந்த துணி

எனக்கு ஒழுங்காக எழுத வராது, மறதியும் கூட; குறை எடுக்காதீர்கள்.

வயிற்றுப்பிள்ளையோடு இருந்த என் மகள், மருத்துவமாது சொன்னபடி தினமும் வாவிக்கரையில் நடந்தாள். பிள்ளைத்துணி தைக்க மட்டும் நான் விடவில்லை. முன்கூட்டிச் சேர்த்தால் ஆகாது என்று பயம். “பிறக்கட்டும், மறுகா பாப்பம்” என்றேன்.

பிள்ளை நாளுக்கு முந்திப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் தாதி துணி கேட்டபோது கையில் ஒன்றுமில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவளுக்குப் பிள்ளை இறந்து பிறந்திருந்தது. அவள்தான் தன் பையை நீட்டினாள்.

“எல்லாம் கழுவித்தான் வெச்சிருக்கன் மாமி, எடுங்க.”

அந்தத் துணியைத் தொட என் கை பயந்தது. அவளுக்கு அது விளங்கிவிட்டது.

“என்ட புள்ள இத உடுக்கவேயில்ல மாமி” என்றாள்.

என் மகள்தான் கை நீட்டி வாங்கினாள்.

பேரன் இப்போது ஓடித் திரிகிறான். துணி தந்தவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துவிட்டேன். அவள் ஊர் குருக்கள்மடம் என்றுதான் நினைவு. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.